மூன்று பிள்ளைகள், மூன்று ஓட்டு, திருநெல்வேலியில் இரண்டு நாள்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். பதினைந்து வயதில் ஒரு பெண், ஒன்பதில் ஒன்று, மூன்றில் ஒன்று. இந்த மூன்றையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஊரில் இரண்டு நாள் நிம்மதியாகச் சுற்ற முடியுமா, அக்கா? "முடியாதம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் அந்த வயதுக் கணக்கைப் படித்ததும் எனக்கு 1994 மே மாதம் ஞாபகம் வந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது வித்தியாசம்தான். அதனால் அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன். விலையெல்லாம் அந்தக் காலத்து விலை. படித்துவிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம்.

நாங்கள் அப்போது மெட்ராஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. ரொம்ப நாள் காத்திருந்த பதவி உயர்வு வந்தது, கூடவே திருநெல்வேலிக்கு மாற்றலும் வந்தது. போகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். போகவில்லை என்றால் பதவி உயர்வும் போச்சு. இதற்கு முன்னால் ஒரு தடவை சேலத்துக்கு மாற்றலாகி, இவர் மட்டும் தனியாக இரண்டு வருஷம் இருந்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுவார். ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்த என் பையன், "அம்மா, அப்பா வந்திருக்கார், காபி போடட்டுமான்னு கேளு" என்று விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். அன்றைக்கே இவர் முடிவு கட்டிவிட்டார். இனி எங்கே போனாலும் ஐந்து பேராகத்தான் போவது, இல்லையென்றால் போவதே இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு வாக்குறுதி வேறு கொடுத்தார். "ஊரைப் பார்ப்போம். மூணு பேருக்கும் பிடிச்சிருந்தா போவோம். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் நான் ப்ரமோஷனை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்." எந்த மனுஷனாவது நாலு வயதுப் பிள்ளையிடம் இப்படி ஓட்டு கேட்பாரா? எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியை நங்கென்று வைத்தேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் வித்யா, பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு முடித்துப் பன்னிரண்டுக்குப் போகப்போகிறவள். காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டால் உலகம் அழிந்தாலும் திரும்பமாட்டாள். நடுவில் பாபு, பத்து வயது, நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. கடைக்குட்டி மீனு, நாலு வயது. பசி, தூக்கம், பாத்ரூம், இந்த மூன்றும் அவளுக்கு எப்போதும் பஸ் நடுவழியில் போகும்போதுதான் வரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாரிமுனையில் விரைவுப் பேருந்து ஏறினோம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்களுக்கு நூற்றுச் சொச்சம் டிக்கெட், பாபுவுக்கு அரை. மீனுவுக்கு என் மடி. ராத்திரி முழுக்க அவள் தலை என் இடது தோளில், பாபுவின் கால் என் வலது தொடையில். நான் நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு, இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போக வேண்டுமா, பிடிக்காமல் போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் புரியவில்லை. இவருக்கு ஆசை இருந்தது, அது நன்றாகவே தெரிந்தது. எனக்கு மெட்ராஸ் வீடு, பக்கத்து வீட்டு சரோஜா, தண்ணி லாரி சண்டை, எல்லாம் பழகிப்போயிருந்தது.

காலை ஏழு மணிவாக்கில் ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். இப்போது வெளியூர் வண்டிகள் வேய்ந்தான்குளம் பக்கம் புது நிலையத்துக்குப் போகின்றன. அப்போது எல்லாம் ஜங்ஷனில்தான். இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார்.

"எங்கன போணும் அண்ணாச்சி?"

இவர் தூக்கக் கலக்கத்தில், "திருநெல்வேலி" என்றார்.

"திருநெல்வேலியிலதான நிக்கிய! ஜங்ஷனா, டவுனா, பாளையா, அதச் சொல்லுங்க. இங்கன இருக்க லாட்ஜுன்னா நடந்தே போயிரலாம். ஆட்டோ எதுக்கு?"

சவாரி வேண்டாம் என்று சொல்லும் ஆட்டோக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. பாபு உடனே, "அப்பா, இந்த ஊர் எனக்கு ஓகே" என்றான். முதல் ஓட்டு விழுந்துவிட்டதாக இவர் முகம் மலர்ந்தது. நடந்து போகிற வழியில் பாபுவை ஒரு நாய் துரத்தியது. "ஓகே இல்லை" என்று மாற்றிக்கொண்டான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இந்த மூன்று ஊர்க் கணக்கு முக்கியம். ரயில் நிலையமும் லாட்ஜுகளும் இருப்பது ஜங்ஷன். நெல்லையப்பர் கோயிலும் ரதவீதியும் இருப்பது டவுன், மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர். ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் பாளையங்கோட்டை, பள்ளிக்கூடங்களின் ஊர். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஜங்ஷனில் தங்குவதுதான் வசதி. எங்களுக்கு நூற்றைம்பது ரூபாயில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு பல்லியோடு அறை கிடைத்தது. மீனு பல்லிக்கு எதிராக ஓட்டுப் போட்டாள்.

இவர் போட்டிருந்த திட்டம் இதுதான்: ஆளுக்கு ஓர் இடம். வித்யாவுக்குப் பாட்டு பிடிக்கும், அதனால் கோயிலில் இசைத் தூண்கள். பாபுவுக்கு அறிவியல் மையமும் ரயில் பார்ப்பதும். மீனுவுக்கு ஆறும் அல்வாவும். எழுதிப் பார்க்கும்போது பிரமாதமான திட்டம். நடைமுறையில், ஒருத்தி சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் மற்ற இரண்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். கூட்டிக் கழித்தால் எப்போது பார்த்தாலும் இரண்டு பிள்ளைகள் சிணுங்கல்.

கோயிலில் அதுதான் நடந்தது. ஒரே கல்லில் குடைந்த தூண் கொத்துகள், தட்டினால் ஸ்வரம் வரும் என்றார்கள். வித்யா வாக்மேனைக் கழற்றிவிட்டு ஒரு தூணில் காதை வைத்து நின்றாள். நான் அவளைப் பார்த்து மகிழ்ந்து முடிப்பதற்குள் பாபு எங்கிருந்தோ ஒரு குச்சியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டான். அர்ச்சனைத் தட்டோடு போன ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

"ஏலே, பைய தட்டுலே! அது என்ன உங்க வீட்டு அண்டாவா?"

பாபு அழுதான். அழுத அண்ணனைப் பார்த்து மீனு அழுதாள். வித்யா மறுபடியும் வாக்மேனை மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு நடை சாத்துகிற நேரம் ஆகிவிட்டதென்று எங்களையும் வெளியே அனுப்பினார்கள். கோயிலுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் போங்கள். நடுவில் போனால் வெளிப்பிரகாரக் கல்லில் கால் பொசுங்குவதுதான் மிச்சம்.

அல்வா விஷயம் சுலபமாக முடிந்தது. ரதவீதியில் எந்தக் கடை என்று தெரியாமல் கூட்டம் இருந்த கடையில் நுழைந்தோம். கடைக்காரர் இலைத் துண்டில் சூடாக ஒரு கரண்டி வைத்து மீனு கையில் கொடுத்தார். அவள் அதை விழுங்கிவிட்டு, நெய் வழிகிற கையை என் புடவையில் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். இவர் சந்தர்ப்பத்தை விடவில்லை.

"மீனு குட்டிக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"இங்கேயே இருக்கலாமா?"

"இருக்கலாம். எப்போ வீட்டுக்குப் போறோம்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாப்பா சரியாத்தான் சொல்லுது. தின்னுட்டு வீட்டுக்குப் போணும்லா."

சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றுக்கு நடுவிலேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகிவிடும் என்றார்கள். மே மாதத்திலும் தாமிரபரணியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் குடத்துக்குக் குடம் எண்ணிப் பிடித்தவளுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகு நானும் படியில் உட்கார்ந்து காலை விட்டேன். ஜில்லென்று ஏறியது. மீனுவை முழங்கால் ஆழத்தில் நிறுத்தி இவர் பிடித்துக்கொண்டார். பாபு மண்டபத் தூணுக்கும் கரைக்கும் நடுவில் மீன் தேடினான். வித்யா கரையில் நின்றாள், நின்றாள், அப்புறம் சுரிதாரோடு இறங்கிவிட்டாள். மீனுவை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்தப் பயணத்தில் அங்கேதான்.

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைக் கேட்டார். "எங்கன இருந்து வாறிய?"

"மெட்ராஸ். இங்கே மாற்றலாகி வரலாமான்னு ஊர் பார்க்க வந்தோம்."

"வாங்க, வாங்க. தண்ணிக்குக் கஷ்டம் இல்ல. பிள்ளையளுக்குப் படிக்க பாளையில பள்ளிக்கூடம் கெடக்கு. வேற என்ன வேணும்?"

வேற என்ன வேணும் என்று எனக்கும் தெரியவில்லை. இவர் தண்ணீரில் இருந்தபடியே என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலத் தலையாட்டினார். அந்த ஒரு மணி நேரம் நானும் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அறைக்குத் திரும்பி ஈரத் துணியைக் காயப்போடும்போது மறுபடியும் வேண்டாம் என்று இருந்தது. என் மனசு அந்த இரண்டு நாளும் இப்படித்தான் பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாதவள் மாதிரி சுற்றியது.

மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கே சாயங்காலம் திரும்ப பஸ். இரண்டு வேலை பாக்கி இருந்தது. வித்யாவுக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் விசாரிக்க வேண்டும், பாபுவுக்கு அறிவியல் மையம் காட்ட வேண்டும். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போனால் சண்டைதான் வரும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டதால், பிரிந்து போவதென்று முடிவு செய்தோம். இவர் சின்னவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு, நான் வித்யாவோடு பாளைக்கு. பன்னிரண்டரைக்கு ஈரடுக்குப் பாலத்தின் நடுவில் சந்திப்பது. அங்கே நின்றால் கீழே தண்டவாளம் தெரியும், பாபுவுக்கு ரயில் பார்த்ததும் ஆகும் என்று இவர்தான் சொன்னார். செல்போன் இல்லாத காலம். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பாலத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே கட்டியது. மேல் அடுக்கில் பஸ், லாரி, ஆட்டோ. கீழ் அடுக்கில் சைக்கிளும் நடக்கிறவர்களும். பெயரிலேயே ஈரடுக்கு என்று இருக்கிறது. இருந்தும் எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேரில் ஒருவர்கூட "எந்த அடுக்கு?" என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் மரநிழலாக, அழகாக இருந்தது. விடுமுறை என்பதால் மைதானம் காலி. அலுவலக அறையில் இருந்த டீச்சர் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வித்யாவின் மதிப்பெண்களைக் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் என்ன பாடம் என்று கேட்டார். கணக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸும் என்றாள் வித்யா.

"கம்ப்யூட்டர் எங்ககிட்ட இல்லியேம்மா. அதோட ப்ளஸ் டூவுல புதுசா பிள்ளையள எடுக்கதும் இல்ல. ரெண்டு வருஷப் படிப்புலா, பாதியில வந்தா பிள்ளைக்குத்தான் கஷ்டம்."

"பக்கத்துல வேற ஸ்கூல்ல கேட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"கேட்டுப் பாருங்க. எல்லாரும் இதையேதான் சொல்லுவாவ. பத்து வயசுப் பையனுக்குன்னா நாளைக்கே எடம் வாங்கித் தாரேன்."

இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம். அதையேதான் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது, எனக்கு மட்டும் வியர்த்தது. இவர் ஆசை ஆசையாகக் கட்டிய கோட்டை, பதவி உயர்வு, ஐந்து பேர், எல்லாம் இதோடு சரி. திங்கட்கிழமை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். எனக்கு வருத்தமாக இருந்தது. உள்ளே ஓர் ஓரத்தில் அப்பாடா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜங்ஷனில் இறங்கி, நடக்கிறவர்கள் போகிற வழியில் போய், கீழ் அடுக்கின் நடுவில் நின்றோம். பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால். நல்ல நிழல். தலைக்கு மேலே பஸ் போகும் போதெல்லாம் பாலம் தடதடவென்றது. ஒரு மணி ஆனது. இவர்களைக் காணோம். மீனுவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, ஆற்றுப் பக்கம் போயிருப்பார்களோ என்று இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் வித்யா பேசினாள்.

"அம்மா, நான் அப்பாகிட்ட சரின்னு சொல்லப்போறேன்."

"என்னடி சரி? உனக்கு இங்கே சீட்டே இல்லைன்னு மூணு இடத்துல சொல்லியாச்சு."

"எனக்கு வேண்டாம். நீங்க நாலு பேரும் வாங்க. நான் நம்ம ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். வார்டன்கிட்ட கேட்டுட்டேன், இடம் இருக்காம்."

"எப்போ கேட்டே?"

"போன வாரமே."

போன வாரம் என்றால் நாங்கள் பஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால். "இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி வந்தே? எதுக்கு அந்த வெயில்ல என்னோட மூணு ஸ்கூல் ஏறி இறங்கினே?"

"அப்பா லீவு போட்டுட்டார்ல" என்றாள். "நீயும் எங்கேயாவது இடம் கிடைச்சிடும்னு நம்பினே" என்றாள்.

கத்திவிட்டேன். நீ யாருடி இதைத் தீர்மானிக்க, அவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டியா, பதினாறு வயசுல வீட்டை விட்டுட்டு இருக்கறதுக்கு உனக்கு என்ன தலையெழுத்து என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை. வாக்மேனை எடுக்கவில்லை. என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போய் அந்தப் பக்கம் பார்த்துட்டு வரேன்" என்றாள். நான் அவளைத் தனியாக விடாமல் பின்னாலேயே போனேன்.

பாலத்தின் முனையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் என்று நான் ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மெட்ராஸ்காரங்களா? அந்த அண்ணாச்சி மூணு தடவ வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. மேலதான் வெயில்ல நிக்காரு. நீங்க இவ்வளவு நேரம் எங்கன நின்னிய?"

"பாலத்துக்கு நடுவுலதான்" என்றேன்.

"கீழயா? அவரு மேல!" என்று தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நல்ல ஆளுகதான். ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் நின்னிருக்கிய. போங்க, போங்க, சின்னப் பிள்ள வாடிப்போச்சு."

சுற்றிக்கொண்டு மேல் அடுக்கில் ஏறினோம். உச்சி வெயில். இவர் கைக்குட்டையை மீனுவின் தலையில் கட்டி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாபுவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "ரெண்டு பேரும் வராமலே போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். வித்யா மீனுவை வாங்கிக்கொண்டாள். நான் அவளிடம், இப்போது ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

ஜங்ஷனில் ஒரு சாப்பாட்டுக் கடை. இலைச் சாப்பாடு, அளவு கிடையாது, கேட்கக் கேட்கப் போடுவார்கள். பசியில் எல்லோரும் ரசம் வரை பேசவில்லை. மோர் வந்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார். ஓட்டு.

பாபுவுக்கு அறிவியல் மையத்தில் ஒரு வளைந்த கண்ணாடியில் தன் தொப்பை பெரிதாகத் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. மேல் அடுக்கில் நின்றதில் இரண்டு ரயில் வேறு. "சரி" என்றான். மீனு "சரி" என்றாள், அப்பளம் கேட்டாள். இவர் வித்யாவைப் பார்த்தார். பார்க்கும்போதே அவர் முகத்தில் தயாராக ஓர் ஏமாற்றம் இருந்தது.

"எனக்கும் சரிப்பா" என்றாள்.

அந்த மனுஷன் முகம் பூரித்ததைப் பார்க்க வேண்டுமே! மோர்ச் சாதத்துக் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் திரும்பிச் சிரிக்க முடியவில்லை. வித்யா மெதுவாக மீதியைச் சொன்னாள். மூன்று பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் பாடம், ஹாஸ்டல், வார்டன் எல்லாவற்றையும். இவர் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் என்ற இடத்தில்.

"அப்போ நான் போகலை" என்றார். "அன்னிக்கே சொன்னேனே."

"ஒருத்தர் வேண்டாம்னா போகமாட்டேன்னுதானே சொன்னீங்க? நான் வேண்டாம்னு சொல்லலையே."

இலையில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் வந்து, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். இவர் இலையின் மேல் கையை நீட்டி மறித்தார். அப்புறம் இவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

இந்த மாற்றல் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தெரியலைங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. போ என்றால் ஒருத்தியை விட வேண்டும். போகாதே என்றால் இவர் ஆயுசுக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அதற்குத் தான்தான் காரணம் என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

மீனுதான் கேட்டாள். "அக்கா எங்கே தூங்குவா?"

வித்யா அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஏறினோம். மறுத்தால் வித்யா தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள் என்று, திங்கட்கிழமை இவர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். ஜூன் மாதம் நாங்கள் நாலு பேரும் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டுக்கு வந்தோம். ஐந்து வருஷம் இருந்தோம். நல்ல ஊர், நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். பாபு ஆறே மாதத்தில் "ஏலே, வாலே" என்று பேச ஆரம்பித்து, மெட்ராஸ் பாஷையை மறந்தே போனான். வித்யா லீவுக்கு வருவாள், நாலு நாள் இருப்பாள். பிறகு கோயம்புத்தூரில் காலேஜ், பிறகு பெங்களூரில் வேலை, பிறகு கல்யாணம்.

இனி அந்த வாசகிக்குச் சொல்ல வேண்டியது. மே மாதம் போகாதீர்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். ஆடிக்குப் பிறகோ, மழை ஓய்ந்து தை மாசியிலோ போங்கள். ஆற்றுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். படி பாசி பிடித்திருக்கும், சின்னப் பிள்ளை கையை விடாதீர்கள். பாபநாசம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் அதைத் திணிக்காதீர்கள். நாங்கள் திணிக்கவில்லை, அந்த ஒன்றைத்தான் நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். அல்வாவைக் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள். ஆளுக்கு ஓர் இடம் என்று பங்கு போடாதீர்கள். எல்லோரும் சேர்ந்து சும்மா இருக்கிற மாதிரி தண்ணீர் உள்ள ஓர் இடம் போதும். பிரிந்து போனால், பாலத்தில் சந்திக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பதினைந்து வயதுக்காரி வரமாட்டேன் என்பாள். பரீட்சை என்பாள், போர் அடிக்கிறது என்பாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள். வரட்டும். கெஞ்சியாவது, திட்டியாவது, லஞ்சம் கொடுத்தாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், அம்மா. நாங்கள் ஐந்து பேரும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு, அதே வீட்டுக்கு ஐந்து பேராகத் திரும்பிய கடைசிப் பயணம் அது. திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிய வித்யாவை, கை மரத்துப்போகிறது, நிமிர்ந்து உட்கார் என்று நான் எழுப்பிவிட்டேன்.